பாக்ஸ்என் வேகனுக்கு துரு அடிச்சேன், பாழுங்கெணத்துல எடுத்த டப்பா மாதிரி ஆயிடுச்சு

சத்துவாச்சாரி ஷண்டர்

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசமா எச்ஓ ஸ்கேல்ல, அதாவது நெஜத்துல 87ல ஒரு பங்கு சைஸ்ல, ஒரு பாக்ஸ்என் மாடல் கட்டிட்டு இருந்தேன், நிலக்கரி ஏத்துற மேல் மூடி இல்லாத கூட்ஸ் வேகன். கிட் எல்லாம் கிடையாது, அரை மில்லி பிளாஸ்டிக் ஷீட்ட பிளேடால வெட்டி வெட்டி ஒட்டுனதுதான். நெஜ வண்டி கப்ளர்லேந்து (வண்டிங்கள கோக்குற கொக்கி) கப்ளர் வரைக்கும் 10,713 மில்லிமீட்டர், அத 87ஆல வகுத்தா 123 மில்லி, வெர்னியர் வெச்சுப் பாத்துட்டேன் கரெக்டா இருக்கு. சைடுல செங்குத்தா நிக்குற பட்டைங்க, கீழ வரிசையா வர்ற குட்டிக் கதவுங்க, ஹேண்ட் பிரேக் வீலு எல்லாமே கையாலதான், போகியும் (சக்கரத்த தாங்குற அடிச் சட்டம்) சக்கரமும் மட்டும் ஆன்லைன்ல வாங்குனேன். ரெட் ஆக்சைடு ஸ்பிரே ரெண்டு கோட்டு அடிச்சப்போ பாக்கணுமே, காட்பாடி மேம்பாலத்துலேந்து எட்டிப் பாத்தா தெரியுற வண்டி அப்படியே மேசை மேல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. அதோட நிறுத்தி இருக்கலாம்.

என் நேரம், மாடல பழசா அழுக்கா காட்டுற வெதரிங் பத்தி யாரோ வெளிநாட்டுக்காரர் போட்ட வீடியோ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அவரு பண்ண மாதிரியே ஆப்ப சோடாவ பெயிண்டுல கலந்து துரு மாதிரி சொரசொரப்பு குடுத்தேன், அதுக்கு மேல ஆரஞ்சு, ஸ்பாஞ்ச வெச்சு ஒத்தி ஒத்தி எடுத்தேன், நாலு பக்கமும், உள்ளயும் வெளியயும், விட்டாப் போதும்னு. காஞ்சதும் அம்மா வந்து பாத்துட்டு "இன்னாடா இது, கெணறு தூர் வாரும்போது கெடைக்குற டப்பா மாதிரி கீது"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. சரி பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷ் அடிச்சா அடங்கும்னு மத்தியானம் மொட்டை மாடில வெச்சு அடிச்சேன், இப்ப அதுவும் போய் மேல மாவு தூவுன மாதிரி வெள்ளையா கீது.

இதுல இன்னொண்ணு, தண்டவாளம் பிரியுற பாயிண்ட்ஸ வண்டி தாண்டும்போதெல்லாம் தடம் எறங்குது. எடை போட்டுப் பாத்தேன் 41 கிராம். இத காப்பாத்த முடியுமா, இல்ல புதுசா ஒண்ணு கட்டணுமா? அடுத்த தடவ துரு எங்க அடிக்கணும் எங்க அடிக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னா புண்ணியமா போகும்.

காந்திநகர் கேஜ்

தல, போட்டோ பாத்தேன், கட்டுன விதம் சூப்பர், அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. கெட்டது எல்லாம் பெயிண்டுலதான்.

முதல்ல அந்த ஆப்ப சோடா. நீங்க பாத்த வீடியோல அவரு பண்ணது பெரிய ஸ்கேல் வண்டியா இருக்கும், இல்லன்னா பாழடைஞ்ச லாரியா இருக்கும். நம்ம ஸ்கேல்ல ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, சோடா கட்டி ஒண்ணு அரை மில்லி இருந்தா நெஜத்துல அது நாலரை சென்டிமீட்டர் கிட்ட வருது. அதாவது வேகன் முழுக்க எலுமிச்சம்பழத்த வரிசையா ஒட்டி வெச்ச மாதிரி. எந்த ஊரு துரு அப்படி இருக்கும்? எச்ஓல துருவுக்கு கனமே கெடையாது, அது வெறும் கலரு. பெயிண்ட் கோட்டே கால் மில்லி ஏறுனா ரெண்டு சென்டிமீட்டர் தகரம் ஆயிடும், அதனாலதான் பிரஷ்ஷால மொத்தமா பூசுறத விட தண்ணியா நாலு கோட்டு.

ரெண்டாவது ஆரஞ்சு. ஆரஞ்சு துரு நேத்து மழைல நனைஞ்ச புதுத் துரு. பழைய துரு கிட்டத்தட்ட காபித்தூள் கலரு. நீங்க ஆரஞ்ச மட்டும் வெச்சு அடிச்சதால வண்டி முழுக்க ஒரே ராத்திரில துரு புடிச்ச மாதிரி தெரியுது. பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) ரெண்டு டியூப் வாங்குங்க, ஸ்கூல் பசங்க வாங்குற அக்ரிலிக்கே போதும், லாங்கு பஜார் ஸ்டேஷனரி கடைங்கள்ல கேட்டுப் பாருங்க. அம்பர்தான் முக்கால்வாசி, சியன்னா கொஞ்சம், ஆரஞ்சு ஊறுகா மாதிரி ஓரமா தொட்டுக்க மட்டும்.

வார்னிஷ் வெள்ளையா ஆனது நம்ம ஊரு வெயில் கைங்கரியம். வெயிலூர்ல மே மாசம் மத்தியானம் ஸ்பிரே அடிச்சா துளி வண்டிய தொடுறதுக்குள்ள காத்துலயே காஞ்சு தூளா எறங்கும். மழை விட்ட ஈரத்துல அடிச்சாலும் வெள்ளை பூக்கும், அது வேற கத. காலைல ஆறரை ஏழு மணிக்கு நிழல்ல, ஒரு சாண் தள்ளி வெச்சு, மெல்லிசா. இப்ப பூத்துப் போனத சில சமயம் அதே வார்னிஷ ஈரமா இன்னொரு கோட்டு அடிச்சா சரி பண்ணலாம், எப்பவும் வேலை செய்யும்னு சொல்ல மாட்டேன்.

எடைக்கு அமெரிக்க மாடல் ரயில் சங்கம் என்எம்ஆர்ஏவோட கணக்கு இருக்கு, எச்ஓ வண்டிக்கு ஒரு அவுன்ஸ், அது கூட நீளத்துல ஒவ்வொரு இன்ச்சுக்கும் அரை அவுன்ஸ். உங்க வண்டி 123 மில்லின்னா கிட்டத்தட்ட 97 கிராம் வரணும். நீங்க அதுல பாதி கூட இல்ல, அப்புறம் எப்படி தண்டவாளத்துல நிக்கும். தரைக்கு அடில இரும்பு வாஷர் ஒட்டுங்க, மேல நிலக்கரி லோடு போட்டா அதுக்குள்ளயும் ஒளிச்சு வெக்கலாம். ஈயக்குண்ட பெவிகால்ல முக்கி உள்ள அடைச்சு மூடாதீங்க, நாலஞ்சு வருஷத்துல அது உப்பி வண்டியவே பொளந்துடும், எனக்கு ஒரு டேங்கர் அப்படித்தான் போச்சு.

பத்தொம்போது மில்லி

16.5 மில்லி தண்டவாளத்துல பாக்ஸ்என் ஓட்டிட்டு துரு சரியில்லன்னு கவலைப்படுறீங்களே. நம்ம பிராட்கேஜ்ல தண்டவாளத்துக்கு நடுவுல அகலம் 1676 மில்லிமீட்டர், 87ஆல வகுத்தா 19.26 வரணும். 16.5ங்கறது 1435 மில்லி ஸ்டாண்டர்டு கேஜுக்கு. வண்டிய முன்னாடி நின்னு பாருங்க, ஒல்லிக் கால்ல குண்டு ஒடம்பு.

காந்திநகர் கேஜ்

வந்துட்டாருய்யா. சார், கணக்கு சரிதான், யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா 19.26க்கு தண்டவாளம், பாயிண்ட்ஸ், ஆக்சில் எல்லாம் கையாலயே பண்ணணும், பையன் இப்பத்தான் முதல் வண்டி கட்டுறான். சைடுலேந்து பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது. கேஜ் பேச்சுக்கு தனித் திரி ஏற்கனவே மூணு ஓடுது, அங்க வாங்க சண்ட போடலாம்.

ஜோலார்பேட்ட சிக்லைன்

தம்பி, நான் மாடல் எல்லாம் பண்றதில்ல, பேரன் காட்டுனான்னு இந்தப் பக்கம் வந்தேன். ரயில்வேல வண்டிங்கள பராமரிக்குற கேரேஜ் அண்ட் வேகன், சி அண்ட் டபிள்யூல முப்பது வருசத்துக்கு மேல டார்ச்சும் சுத்தியுமா வண்டிங்க கூடவே நடந்துகினு இருந்தவன், அதனால ஒரு வார்த்த சொல்லலாம்னு தோணுச்சு.

நீ இன்னா தப்பு பண்ணிகீறன்னா, வண்டிய பாத்து அழுக்கு பண்ணல, அழுக்க பாத்து அழுக்கு பண்ணிகீற. வேகன்ல அழுக்கு சும்மா வராது. ஒவ்வொரு கறைக்கும் ஒரு வேல இருக்கும். பாக்ஸ்என் இன்னா பண்ணுது? நிலக்கரி ஏத்தும், தெர்மல் ஸ்டேஷன்ல டிப்ளர்ல ஏத்தி வண்டியவே தலகீழா பொரட்டி கொட்டுவாங்க. அந்த டிப்ளர் கிளாம்ப் வந்து மேல் விளிம்புலதான் அமுக்கும். அதனால மேல் ஓரம் பூரா நசுங்கி பெயிண்டு போய் இரும்பு தெரியும், அங்கதான் நெஜத் துரு. சைடு தகரம் லோடு தாங்கித் தாங்கி வெளிப்பக்கம் லேசா உப்பி இருக்கும், ரெண்டு பட்டைக்கு நடுவுல தொப்ப போட்ட மாதிரி. நீ அத நேரா ஸ்கேல் வெச்ச மாதிரி பண்ணி வெச்சிகீற, புது வண்டிக்கு அது சரி, பழசுக்கு சரியில்ல.

உள்பக்கம் வேற. நிலக்கரி ஒவ்வொரு டிரிப்பும் தேச்சுகினு போறதால உள்ள பெயிண்டே நிக்காது, தேஞ்ச துரு, அதுக்கு மேல கரித்தூளு, மூலைல மட்டும் கருப்பா கட்டி நிக்கும். நீ ஆரஞ்சு அடிக்கணும்னு ஆசப்பட்டா உள்ள அடி, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வெளிய பாத்தா கதவு இடுக்கு இருக்கு பாரு, மழைத்தண்ணி கரித்தூள கரைச்சுகினு அது வழியாத்தான் எறங்கும், அதனால ஒவ்வொரு கதவுக்கு கீழயும் கருப்பா ஒரு ஒழுகல் இருக்கும். நடுத் தகரத்துல அது இருக்காது. ரேக்குல, அதாவது முழு கூட்ஸ் வரிசைல, வண்டிய வண்டியா எண்ணிகினு நடந்து பாரு, எல்லா வண்டிலயும் அதே எடத்துல அதே கறை.

போகி கிட்ட வா. முன்ன வார்ப்பிரும்பு பிரேக் கட்டை, அது தேஞ்சா துருத்தூளா செம்பழுப்பா பறக்கும், போகி பூரா அந்தக் கலருதான். இப்ப காம்போசிஷன் கட்டை, அதுக்கு கருப்பு கலந்த பழுப்பு. அப்புறம் பழைய நாலு சக்கர வண்டிக்கு ஆக்சில் பாக்ஸ்ல எண்ணெய் ஊத்துவோம், அது வழிஞ்சு சக்கரம் பூரா பிசுக்கு, அதுல தூசி ஒட்டி கெட்டியா இருக்கும். பாக்ஸ்என்ல ரோலர் பேரிங், அந்த எண்ணெய் வழிசல் கெடையாது. மாடல் பண்றவங்க பாதிப்பேரு புது போகிக்கு பழைய எண்ணெய் கறை போட்டு வெக்கறாங்க, போட்டோல பாத்தா எனக்கு கை பரபரங்குது. சக்கரம் தண்டவாளத்துல தொடுற எடம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னணும், அங்க பெயிண்டே கூடாது.

இன்னொண்ணு, புதுசா வர்ற பாக்ஸ்என்எச்எல் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாடி. பெயிண்டு உரிஞ்சா உள்ள வெள்ளையா சாம்பல் கலருல தெரியும், துரு வராது. நாளைக்கு எச்எல் கட்டி அதுலயும் ஆரஞ்சு அடிச்சு கொண்டாந்தின்னா நான் பதிலே போட மாட்டேன்.

ரயில பாக்கணும்னு யார்டுக்குள்ள எறங்காத தம்பி. காட்பாடில பிளாட்பாரம் டிக்கெட்டு எடுத்துகினு கடைசில போய் உக்காரு, கூட்ஸ் நின்னா பொறுமையா பாரு, மேல பாக்க மேம்பாலம் இருக்கவே இருக்கு. செல்லுல பத்து போட்டோ எடுத்துகினு வா, அந்த பத்து போதும்.

கொலுப்படி ரயில்

ஆரணிலேந்து. நான் கொலுவுக்காக ஆரம்பிச்சவ, மூணு வருஷம் முன்னாடி மீட்டர்கேஜ் கால வேலூர் கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் மாதிரி ஒண்ணு வெச்சு நாலு மூடு வேகன் நிறுத்துனேன், வந்தவங்க எல்லாம் பொம்மைய விட்டுட்டு ரயிலத்தான் பாத்தாங்க, அதுலேந்து விட முடியல. மீட்டர்கேஜுக்கு ஒரு சௌகரியம் பாருங்க, 87ல 11.5 மில்லி வருது, 12 மில்லி தண்டவாளம் கடைலயே கெடைக்கும், பத்தொம்போது மில்லி சார் வந்து சண்ட போட முடியாது.

சிக்லைன் ஐயா சொன்னத அப்படியே வழிமொழியறேன். நான் சொல்ல வந்தது தூளப் பத்தி. வெளிநாட்டுல வெதரிங் பவுடர்னு குட்டி டப்பால அடைச்சு விக்கறாங்க, அத வாங்கவே வேணாம். நாட்டு மருந்துக் கடைல காவி கேளுங்க, கோலத்துக்கு கரை கட்டுற அதே காவிதான், அதோட செவப்பே இரும்பு ஆக்சைடு, அதாவது துருவோட கலரேதான். பழைய வேட்டித் துணில ரெண்டு தடவ சலிச்சா முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி எறங்கும். கறுப்புக்கு அடுப்புக்கரிய அம்மில அரைச்சு சலிக்கணும். ஊர் புழுதிக்கு ஊர் புழுதியே, பாலாத்தங்கரை மண்ணையே சலிச்சுப் பாருங்க, ஆனா நல்லா காய வெச்சு. கோல மாவு மட்டும் வேணாம், கல் மாவு எவ்ளோ சலிச்சாலும் மினுக்கும், வேகன்ல ஜிகினா போட்ட மாதிரி ஆயிடும், எனக்கு ஆச்சு.

போடுற விதம்தான் முக்கியம். முதல்ல மேட் வார்னிஷ் ஒரு கோட்டு, வழவழன்னு இருந்தா தூள் புடிக்காது. அப்புறம் பழைய ஐ ஷேடோ பிரஷ்ஷால தூள தொட்டு மேலேந்து கீழயே இழுக்கணும், மழை எப்படி எறங்குமோ அப்படி. பக்கவாட்டுல தேச்சா அழுக்கு வராது, துடைச்ச மாதிரி வரும். கடைசில மறுபடி வார்னிஷ் அடிக்கும்போது பாதித் தூள் காணாமப் போயிடும், பயப்படாதீங்க, அது எல்லாருக்கும் ஆகும். அதனால வேணுங்கறத விட ஒரு பங்கு கூடவே போட்டு வெச்சுட்டு அடிங்க.

மூடு வேகன் பண்றவங்களுக்கு ஒரு விஷயம். காட்பாடிக்கு யூரியா, ரேஷன் அரிசி எல்லாம் பிசிஎன் வண்டிலதான் வருது. கதவ சுத்தி, கதவுக்கு கீழ, மூட்டை உரசுற எடத்துல வெள்ளையா ஒரு படிவு இருக்கும். அதுக்கு மட்டும் துளி மைதா கலர் பெயிண்டு, பாதி காஞ்ச பிரஷ்ஷால. அது ஒண்ணு போட்டதும் வண்டிக்கு உயிர் வந்துடும்.

சத்துவாச்சாரி ஷண்டர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, குறிப்பா சிக்லைன் ஐயா, நீங்க சொன்னத ரெண்டு தடவ படிச்சேன். ஞாயித்துக்கெழம காலைல காட்பாடி போனேன், ஒன்பது மணி வரைக்கும் ஒண்ணும் வரல, டீ குடிக்கலாம்னு எழுந்தப்போ காலி பாக்ஸ்என் ரேக்கு ஒண்ணு வந்து சிக்னலுக்கு நின்னுச்சு. அடிச்சுப் பிடிச்சு மேம்பாலத்துக்கு ஓடுனேன். ஐயா சொன்ன அதே கதவு ஒழுகல், அப்படியே வரிசையா. இத்தன வருஷம் இந்த ஊர்லயே இருந்துட்டு இத எப்படி பாக்காம விட்டேன்னு தெரியல. அப்புறம் இன்னொண்ணு கவனிச்சேன், ஒரே ரேக்குல ரெண்டு வண்டி கூட ஒரே கலர் இல்ல. ஒண்ணு வெளுத்துப் போய் ரோஸ் மாதிரி, பக்கத்துல ஒண்ணு கருஞ்செவப்பு, நடுவுல ஒண்ணு மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சு பளபளன்னு.

அந்த பழைய வண்டிய சரி பண்ணப் பாத்தேன், ஈர உப்புத்தாள் போட்டுத் தேச்சா சோடா கட்டியோட சேர்ந்து சைடுப் பட்டையும் வந்துடுச்சு. அத விட்டுட்டேன். புதுசா ரெண்டு கட்டிட்டு இருக்கேன், இந்த தடவ சைடு ஷீட்ட ஒட்டுறதுக்கு முன்னாடியே பேனா மூடியால உருட்டி லேசா தொப்ப வர வெச்சேன். கீழ வாஷர் ஒட்டி 72 கிராம் வந்துடுச்சு, மீதி லோடுல.

லோடுக்கு எந்தக் கரி? அம்மா இஸ்திரிக்காரர் கிட்ட கேட்டு அடுப்புக்கரி வாங்கித் தந்தாங்க, இடிச்சுப் போட்டா மங்கலா சாம்பல் மாதிரி கீது.

காந்திநகர் கேஜ்

அடுப்புக்கரி மரம், மங்கலாத்தான் இருக்கும். நெஜ நிலக்கரி ஒடச்ச எடத்துல மினுக்கும். கொல்லுப்பட்டறைல நிலக்கரி எரிக்கறவங்க இருந்தா ஒரு கை கேளுங்க, துணில சுத்தி சுத்தியால தட்டி டீ வடிகட்டில சலிங்க. வடிகட்டி மேல நிக்குறது மேல்பக்கத்துக்கு, கீழ எறங்குனது அடில நெரப்ப. ஒரு மில்லி கட்டின்னா நெஜத்துல ஒம்போது சென்டிமீட்டர் கல்லு, அதுக்கு மேல பெருசு வேணாம். தண்ணி கலந்த பெவிகால்ல ஒரு துளி பாத்திரம் கழுவுற சோப்பு விட்டு சொட்டு சொட்டா ஊத்துனா கீழ வரைக்கும் எறங்கும். மட்டமா நெரவாதீங்க, பக்கெட் பக்கெட்டா கொட்டுன மாதிரி ரெண்டு மூணு மேடு விடுங்க.

புது பெயிண்ட் வண்டி ஒண்ணு நடுவுல வந்துச்சே, அது பிஓஎச், அதாவது சில வருஷத்துக்கு ஒரு தடவ பண்ற முழுப் பராமரிப்பு, முடிஞ்சு ஒர்க்ஷாப்லேந்து வந்த வண்டி. உங்க ரெண்டுல ஒண்ண அப்படியே சுத்தமா விடுங்க. அழுக்கு வண்டி பக்கத்துல அது நின்னாத்தான் அழுக்கே தெரியும். சுத்தமான வண்டிக்கும் போகில கொஞ்சம் பழுப்பு போடுங்க, ரெண்டு நாள் ஓடுனாலே ஏறிடும்.

சத்துவாச்சாரி ஷண்டர்

நம்பர் எப்படி போடுறது? வாய்க்கு வந்தத போடலாமா?

பத்தொம்போது மில்லி

போடக்கூடாது. சண்ட போடுறவன்னு சொன்னாலும் பரவால்ல, இதுக்கு நானே பதில் சொல்றேன். 11 எண். முதல் ரெண்டு வண்டி வகை, 10லேந்து 29 வரைக்கும் ஓப்பன் வேகன், 30லேந்து மூடு வண்டி, 40லேந்து டேங்கர். அடுத்த ரெண்டு எந்த ரயில்வேன்னு, நம்ம சதர்ன் 06. அடுத்த ரெண்டு கட்டுன வருஷம், அப்புறம் நாலு எண் வரிசை நம்பர். கடைசி ஒண்ணு சரிபாக்கற எண். அதுக்கு, இடது பக்கத்துலேந்து ரெண்டாவது நாலாவதுன்னு இரட்டை எடத்துல இருக்கறத கூட்டி மூணால பெருக்கு, ஒத்தை எடத்துல இருக்கறத அதோட கூட்டு, அடுத்த பத்துக்கு எவ்ளோ கொறையுதோ அதான் கடைசி எண். 1006091432ன்னு வெச்சுக்கோங்க, இரட்டை எடம் 21, மூணால பெருக்குனா 63, ஒத்தை எடம் 5, மொத்தம் 68, எழுபதுக்கு ரெண்டு கொறையுது. ஆக 10060914322. தப்பான நம்பர் போட்டா யாரு பாக்கப் போறான்னு கேப்பீங்க. நான் பாப்பேன்.

ஜோலார்பேட்ட சிக்லைன்

பேரன் படிச்சு காட்டுனான், நம்பர் சரிதான் சொல்லிகீறாரு. அதுக்கு மேல எங்க ஆளுங்க எழுதுன சாக்பீஸ் கிறுக்கல் ரெண்டு போடு தம்பி, எக்ஸாமினேஷன் ஆனா யாராவது ஏதாவது கிறுக்கி இருப்பாங்க, மழைல பாதி அழிஞ்ச மாதிரி. வெள்ளப் பென்சில நல்லா சீவிகினு எழுது, வெரலால ஒரு தடவ லேசா தேய்ச்சு விடு.

அந்த பாழுங்கெணத்து டப்பாவ தூக்கிப் போட்டுறாத. சக்கரத்த கழட்டிட்டு உன் மாடல் லேஅவுட்டு ஓரத்துல ஒரு சைடிங்ல (ஒதுக்குத் தண்டவாளம்) போடு, ரெண்டு பக்கமும் வேலிகாத்தான் முளைச்ச மாதிரி ஏதாவது வெய்யி. ஓட லாயக்கில்லன்னு கண்டம் பண்ண வண்டி அப்படித்தான் கெடக்கும், அதுக்கு உன் ஆரஞ்சு கரெக்டா இருக்கும்.

சத்துவாச்சாரி ஷண்டர்

ஐயா, சக்கரத்த கழட்டிட்டேன். அம்மா கிட்ட காட்டுனேன், "இப்பத்தான் இது பாக்க நல்லா கீது"ன்னாங்க.